குட்டைக்கும் நெட்டைக்கும் ஒரே மரபணு

அசாம் விவசாயி மார்ச், ஏப்ரலில் விதைக்கும் 'பாவோ' நெல்லுக்கு ஆரம்பத்தில் எந்த விசேஷமும் கிடையாது. மற்ற நெல்லைப்போலத்தான் நிற்கும். மழைக்காலத்தில் பிரம்மபுத்திரா கரை தாண்டி வயலுக்குள் புகுந்ததும் கதை மாறுகிறது. தண்ணீர் ஏற ஏறத் தண்டும் ஏறுகிறது. ஆழ்நீர் நெல் எனப்படும் இந்த இனத்தில் சில வகைகள் ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரை நீள்கின்றன. வயலில் ஆள் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றாலும் நுனி இலைகள் மேலே தலைநீட்டிக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். வங்கதேசத்திலும் பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் இதன் உறவினர்கள் உண்டு.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் போனவர்கள், பசுமைப் புரட்சியின் வாசலில் வந்து நின்றார்கள்.

இளம் நெற்பயிரில் தண்டு என்று தோன்றுவது தண்டே அல்ல. ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலை உறைகள்தான். நிஜத் தண்டு அடியில், கணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிய நிலையில் குறுகிக் கிடக்கும். ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே செல்கள் பெருகுவதற்கென்றே ஒரு சிறு பகுதி இருக்கிறது. சாதாரண நெல்லில் பூக்கும் பருவம் நெருங்கும்வரை அந்தப் பட்டறைக்குப் பூட்டுத்தான். ஆழ்நீர் நெல்லில் வெள்ளம் வந்த உடனேயே பூட்டு திறக்கிறது.

திறப்பது யார்? பயிரின் ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுக்களும் உண்டு. ஆனால் எல்லாமே எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. வேலையில் இறங்கிய மரபணு, தன் கட்டளையை ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறாக நகலெடுத்து அனுப்பும். தண்டைக் கிள்ளி எடுத்து, அதில் எந்த மரபணுவின் நகல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மோடோயுகி அஷிகாரியின் குழு பல ஆண்டுகளாகச் செய்துவருவது இந்தக் கணக்கெடுப்புதான். ஆழ்நீர் நெல்லையும் சாதாரண நெல்லையும் தண்ணீரில் மூழ்கடித்து ஒப்பிட்டார்கள். இரண்டையும் கலந்து, எந்தக் குரோமோசோமில் ரகசியம் இருக்கிறது என்றும் தேடினார்கள்.

முதல் விடை 2009இல் வந்தது. பயிர் தன் உடலில் உண்டாக்கும் எத்திலீன் வாயு வழக்கமாகக் காற்றில் கலந்துவிடும். தண்ணீர் சூழ்ந்ததும் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். வெள்ளம் வந்துவிட்டது என்பதற்குப் பயிருக்குக் கிடைக்கும் தந்தி அதுதான். அதைப் படித்து வேலையைத் தொடங்கும் இரண்டு மரபணுக்களுக்கு 'ஸ்நார்கெல்' என்று பெயர் வைத்தார்கள். முக்குளிப்பவர்கள் வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாயின் பெயர். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு.

இரண்டாவது விடை 2018இல். தண்டை நீட்டும் ஹார்மோன் ஜிப்பரலின். அதைத் தயாரிக்கும் மரபணு ஒன்றை, தேங்கிய எத்திலீன் ஆழ்நீர் நெல்லில் முழு வேகத்தில் முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுவின் பெயர் எஸ்.டி.-1. நெல் ஆராய்ச்சியாளர்களுக்கு அது ரொம்பப் பழகிய பெயர்.

1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.-8ஐ நினைவிருக்கிறதா? அன்றைய நெட்டை ரகங்களுக்கு உரம் போட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். ஐ.ஆர்.-8 சாயவில்லை. அன்றைய வட ஆற்காட்டு மாவட்டத்தில் ஒரு விவசாயி மகனுக்கே அந்தப் பெயரை வைக்கும் அளவுக்கு விளைந்தது. தைவானைச் சேர்ந்த 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை நெல்லிடமிருந்து வந்த சொத்து அந்தக் குள்ளத்தனம். காரணம் 2002இல்தான் தெரிந்தது: எஸ்.டி.-1 மரபணுவில் 383 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. ஜிப்பரலின் குறைந்தது, தண்டு குறுகியது.

ஆக, ஆசியாவுக்குச் சோறு போட்டது முடமாகிப்போன எஸ்.டி.-1, வெள்ளத்தில் பயிரைக் காப்பாற்றுவது வேகம் கூடிய எஸ்.டி.-1. ஒன்றுக்கு ஆராய்ச்சி நிலையங்களும் உர மானியமும் கிடைத்தன. மற்றொன்று ஆற்றோரத்து ஏழை விவசாயியின் விதைக் குதிரில் கிடந்தது. அதன் விளைச்சல் குறைவு என்பதும் உண்மைதான்.

வெள்ளத்தைச் சமாளிக்க நேர் எதிரான வழியும் இருக்கிறது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் மூழ்கினால் வளராது. இருக்கிற சக்தியைச் செலவழிக்காமல் மூச்சடக்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்தபின் துளிர்க்கும். அதற்குக் காரணமான 'சப்-1ஏ' மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சேர்த்து உருவான 'ஸ்வர்ணா சப்-1' 2009இல் இந்திய விவசாயிகளிடம் வந்தது. தமிழ்நாட்டுக்கு சி.ஆர்.1009 சப்-1 வந்தது. வேடிக்கை என்னவென்றால், சப்-1ஏவும் ஸ்நார்கெல்களும் ஒரே குடும்பம். எத்திலீன் என்ற அதே தந்தியைப் படித்துவிட்டு ஒன்று 'நில்' என்கிறது, மற்றது 'ஓடு' என்கிறது.

ஆனால் மூச்சடக்கும் வித்தை சுமார் இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் அது செல்லாது. அங்கே நீள்வதைத் தவிர வேறு வழியில்லை.

நீள்வதற்கு ஜிப்பரலின் மட்டும் போதாது என்று 2020இல் அஷிகாரி குழு காட்டியது. கணுவுக்கு மேலே செல் பெருக்கத்தைத் தொடங்கிவைக்க 'ஏஸ்-1' என்ற முடுக்கி வேண்டும். அதைத் தடுக்கும் 'டெக்-1' என்ற பிரேக் தளர வேண்டும். புல் குடும்பத்தின் வேறு பயிர்களிலும் இதே முடுக்கியும் பிரேக்கும் உயரத்தைத் தீர்மானிக்கின்றன. நெட்டையும் குட்டையுமாகப் பயிர்களைப் பொறுக்கி எடுத்த பழைய விவசாயிகள், பெயர் தெரியாமலே இவற்றையும் பொறுக்கியிருக்கிறார்கள்.

வெள்ளம் வராத வருடம் குட்டையாக நின்று நிறைய விளைந்து, வந்த வருடம் மட்டும் நீளும் நெல் வேண்டும் என்பது வளர்ப்பாளர்களின் ஆசை. நீளும் குணத்துக்குப் பொறுப்பான மூன்று குரோமோசோம் பகுதிகளைச் சாதாரண நெல்லில் சேர்த்து, அதையும் ஆழத் தண்ணீரில் நீள வைத்திருக்கிறார்கள். விளைச்சலையும் சேர்த்துத் தருவதுதான் பாக்கி. அதற்கு வேண்டிய குணங்கள் பழைய ஆழ்நீர் வகைகளிலேயே இருக்கக்கூடும். அவற்றைப் பயிரிடுகிறவர்களோ, வெள்ளம் வடிந்தபின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கோடை நெல் போட்டால் அதிகம் கிடைக்கிறது என்று மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

பாவோ வயலில் தண்ணீர் வடியும்போது பல மீட்டர் நீளத் தண்டு சேற்றில் அப்படியே படுத்துவிடும். ஆனால் நுனிக் கணுக்கள் மட்டும் முழங்கால் மடக்கியதுபோல வளைந்து மேலே எழும். கதிர் அங்கேதான் முற்றும். டிசம்பர்வாக்கில், படுத்த பயிருக்கு நடுவே குனிந்து, நிமிர்ந்து நிற்கும் அந்த நுனிகளை அறுக்கிறார்கள்.