60 வினாடியில் அறுந்தால் வைஃபையைத் திட்டாதீர்கள்

மொன்றியல் டவுன்டவுனில் என்னோடு வேலை செய்யிற பிள்ளைகள் அடிக்கடி சொல்வது: "பெரிய ரிப்போர்ட் எடுக்கேக்க கனெக்சன் அறுந்துபோகுது, வைஃபை சரியில்லை." நான் முதலில் கேட்பது: எத்தனையாவது வினாடியில் அறுந்தது?

ஒவ்வொரு முறையும் சரியாக 60 என்றால் அது வைஃபை இல்லை. இடையில் இருக்கிற ஒரு செட்டிங். என்ஜினெக்ஸும் அமேசானின் லோட் பேலன்சரும், நாங்கள் மாற்றாவிட்டால், 60 வினாடி எதுவும் வராத கனெக்சனை வெட்டிவிடும். லினக்சின் கீப்அலைவும் உதவாது. அது தொடங்கவே 7200 வினாடி, அதாவது 2 மணித்தியாலம்.

உடனே 60ஐ 600 ஆக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருப்பவர் பொறுமை இழந்து திரும்ப அழுத்துவார். முதல் வேலை முடியாமலே அதே வேலை இரண்டாம் தரமும் ஓடும். ரிப்போர்ட் என்றால் நேரம்தான் வீண். ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்குக் காசு அனுப்புவது என்றால்? இரண்டு தரம் போய்விடும்.

கிளினிக்கில் நம்பர் தருவதுபோலச் செய்யுங்கள். கேட்டவுடன் 202 என்ற பதிலோடு ஒரு நம்பரைக் கொடுத்து கனெக்சனை விட்டுவிடுங்கள். வேலை பின்னால் நடக்கட்டும். முடிந்ததா என்று பிரவுசர் இடைக்கிடை கேட்கட்டும். அதே கோரிக்கை திரும்ப வந்தால் அதே நம்பரையே கொடுங்கள். அறுந்தாலும் பயமில்லை.