பழைய மோட்டார் சைக்கிளும் புதிய மோகமும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டுத் திண்ணையிலே பிரித்துப் போட்டுக் கொண்டு, மாதக் கணக்கில் அதனோடு மல்லாடும் இளைஞர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாசற்படியெல்லாம் எண்ணெய்க் கறை. தாயாருக்கோ தீராத மனஸ்தாபம். ஆயினும் இந்தப் பைத்தியத்தை நாம் வெறுப்பதற்கில்லை. தர்மபுரிச் சீமையில் அதற்குத் தனி நியாயமே உண்டு.

இப்போது கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த ஓசூர், 2004-ஆம் ஆண்டு வரையில் தர்மபுரி ஜில்லாவில் இருந்தது. அங்கேதான் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. 1984-ல் ஜப்பானிய சுசுகி கம்பெனியாரின் கூட்டுறவுடன் இண்ட்-சுசுகி மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. அக்கூட்டுறவு 2001-ல் முடிந்துவிட்டது. தொழில் நம்மிடமே நிலைத்தது. ஆகவே, மாட்டுக் கொட்டகைகளில் துருவேறிச் சாய்ந்து நிற்கும் அந்த வண்டிகள் நம்மவர் கைவேலை. அவற்றைப் பழைய இரும்புக்காரனிடம் நிறுத்துப் போடாமல் உயிர்ப்பிக்க ஒருவன் முன்வந்தால், அது சுதேசிக் காரியந்தான்.

ஆனால் உயிர்ப்பிப்பது வேறு, வேஷம் போடுவது வேறு. நம் இளைஞர்களில் பலர் முதலில் ஓடுவது வர்ணம் பூசுகிறவனிடம்! யந்திரமோ உள்ளே தேய்ந்து கிடக்கிறது. இவை 'டூ ஸ்ட்ரோக்' வண்டிகள். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, சிலிண்டருக்குச் செல்லுமுன் கிராங்க் அறையின் வழியாகப் போகிறது. அவ்வறையின் 'ஆயில் சீல்' வயது முதிர்ந்து வெடித்திருந்தால், வேண்டாத காற்று உட்புகும். கலவை நீர்த்துப் போய், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிக் கொள்ளும். சில ரூபாய் பெறும் ரப்பர் வளையத்தை அசட்டை செய்தவனுக்கு, லேத் பட்டறையில் மறுபடியும் போரிங் போடும் செலவு வந்து சேரும். பிரேக் டிரம்மில் படிந்த தூசியை வாயால் ஊதும் வழக்கத்தையும் விட வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும். அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைப்பதே உத்தமம்.

இனி, சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி, சப்தமிடும் புகைக் குழாயை மாட்டும் மோகம். இரும்புச் சட்டத்தை வெட்டினால் அரசாங்கச் சட்டம் குறுக்கே வரும்! 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் பத்திரத்தில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாதென்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்திற்று. பதினைந்து வருஷம் கடந்த வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கே சேஸிஸ் எண் அழிந்த சட்டத்தோடு போய் நிற்பவனுக்குப் பளபளக்கும் வர்ணம் என்ன உதவி செய்யும்?

எல்லாவற்றிலும் மேலாக நமக்குக் கவலை தருவது தொப்பூர்க் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் செல்லும் அந்த இறக்கத்தில் நேர்ந்த விபத்துக்களை இந்த ஜில்லாவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெடுநேரம் அழுத்தினால் பழைய டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். டூ ஸ்ட்ரோக் யந்திரமோ இறக்கத்தில் வண்டியை அதிகம் இழுத்துப் பிடிப்பதில்லை. அன்றியும், எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் வண்டிகளில், திராட்டிலை மூடியபடியே வேகமாக இறங்கினால் பிஸ்டனுக்குப் போதிய எண்ணெய் கிடைக்காது.

எனவே திண்ணையிலிருந்து இறங்கும் வண்டி முதலில் ஊர்ச் சமவெளியிலே சில நாள் ஓடட்டும். பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றும் புதியனவாக இருக்கட்டும். பிறகு கணவாயில் இறங்குகிறவர்கள், மேலேயே கியரைக் குறைத்துக் கொண்டு, அவ்வப்போது திராட்டிலைச் சிறிது திறந்து யந்திரத்துக்கு எண்ணெய் காட்டியபடி, லாரிகளுக்கு வழி விட்டு நிதானமாகச் செல்வார்களாக. வர்ணம் பூசுவதைத் தீபாவளிக்கு வைத்துக் கொள்ளலாம்.