வீட்டுக்குள் குளம்: பட்டாணி மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டி தயாராக வேண்டும்!

பச்சையும் மஞ்சளும் கலந்த குட்டி உடம்பு, அதில் கறுப்புப் புள்ளிகள். இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். தொட்டிக்கு அருகில் யார் வந்தாலும் கண்ணாடியோரம் வந்து எட்டிப் பார்க்கும். பார்த்ததும் பிடித்துப்போகிற மீன் 'பீ பஃபர்'. பட்டாணி அளவில் இருப்பதால் இந்தப் பெயர். நம் கடலோர மக்கள் 'பேத்தை' என்று சொல்கிற மீனுக்கு இது நன்னீர்ச் சொந்தம். முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் 2.5 சென்டிமீட்டர்தான்.

அந்த அளவுதான் சிக்கலே. 'இத்துனூண்டு மீனுக்கு ஒரு கண்ணாடி பவுல் போதாதா?' என்ற எண்ணத்தில் மீனையும் பவுலையும் ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். இரண்டு வாரத்தில் மீன் செத்து மிதக்கிறது. மீனில் குறை எதுவும் இல்லை. தண்ணீர் தயாராகவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலத்து ஆற்று மீன்

பீ பஃபரின் சொந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலை. கேரளாவின் பம்பை போன்ற ஆறுகளிலும், தென் கர்நாடகப் பகுதியிலும் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1941-ல் ஹோரா, நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். திருவிதாங்கூரின் பெயரைச் சேர்த்து 'ட்ராவன்கோரிகஸ்' என்று பெயரிட்டார்கள்.

கடைக்கு வருகிற பீ பஃபர்களில் பல, பண்ணையில் பிறந்தவை அல்ல, ஆற்றில் பிடிக்கப்பட்டவை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம். ஒன்று செத்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த இன்னொன்றும் ஆற்றிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

கடையில் முதல் கேள்வி

'பஃபர்' என்ற ஒரே பெயரில் வேறு மீன்களும் விற்பனைக்கு வருகின்றன. பச்சைப் புள்ளி பஃபர் குட்டியாக இருக்கும்போது அழகாக, சின்னதாகத்தான் இருக்கும். ஆனால், 15 சென்டிமீட்டர் வரை வளரும். வளர வளர அதற்கு உப்பு கலந்த தண்ணீர் தேவை. 'எட்டு' எண் போன்ற கோலம் முதுகில் உள்ள ஃபிகர் எய்ட் பஃபருக்கும் லேசான உப்புநீர்தான் நல்லது. பீ பஃபருக்கு வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீர் போதும், உப்பு வேண்டாம். எனவே, எந்த பஃபர் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொட்டியைத் திட்டமிட வேண்டும்.

எவ்வளவு பெரிய தொட்டி?

ஒரு ஸ்பூன் உப்பை டம்ளர் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஒரு குடம் தண்ணீரில் போட்டால் அவ்வளவாகத் தெரியாது. மீனின் கழிவும் அப்படித்தான். தண்ணீர் குறையக் குறைய விஷம் அடர்த்தியாகும். பஃபர் மாமிசம் தின்னும் மீன்; உடம்புக்கு மீறிச் சாப்பிட்டு, உடம்புக்கு மீறி அசுத்தம் செய்யும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி உள்ள தொட்டியில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். இதில் ஒரே ஒரு பீ பஃபரை நிம்மதியாக வளர்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர். ஐந்தாறு மீன்கள் கொண்ட கூட்டத்துக்கு இது ஏற்றது. அதில் தண்ணீரின் எடையே 56 கிலோ. கண்ணாடி, மணல் எடை தனி. ஆடும் டீப்பாய், டி.வி ஸ்டாண்டு எல்லாம் தாங்காது. நேரடி வெயில் விழாத, மட்டமான, உறுதியான மேஜை வேண்டும்.

இந்த மீனுக்குக் கோபம் அதிகம். குறிப்பாக ஆண் மீன்கள் ஒன்றை ஒன்று துரத்திக் கடிக்கும். ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் இருந்தால் சண்டை பாதி குறையும். அதற்குத்தான் செடிகள். ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் மூன்றும் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். நடுவில் ஒரு மரக்கட்டை, ஓரங்களில் அடர்ந்த செடி என்று வைத்தால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். கப்பி, ஃபைட்டர் போன்ற மீன்களைச் சேர்த்து விட்டால் அவற்றின் வாலும் துடுப்பும் கந்தலாகிவிடும். பீ பஃபருக்குத் தனித் தொட்டிதான் சரி.

ஃபில்டரில் ஸ்பாஞ்ச் வகை போதும். மீன் மெதுவாக நீந்துவதால் வேகமான நீரோட்டம் ஆகாது.

மீன் இல்லாத அந்த ஒரு மாதம்

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அளவோடு இருந்தால் ஆபத்தில்லை. இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் மீன் சாவது இதனால்தான்.

இந்த நாள்களில் மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட வேண்டும். அது அழுகி அம்மோனியா உண்டாகும்; பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. ஃபில்டர் இரவு பகலாக ஓட வேண்டும். நோய் இல்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கு ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

மீன் கடைகளில் டெஸ்ட் கிட் கிடைக்கிறது. போடுகிற உணவு தொடரும்போதே அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். தண்ணீரில் ஒரு பங்கை மாற்றி, நைட்ரேட்டை 20 பி.பி.எம்-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு மீன் வாங்கப் போகலாம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனையும் கொல்லும், பாக்டீரியாவையும் கொல்லும். ஆன்டி-குளோரின் சொட்டு கலந்த பிறகே ஊற்ற வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவக் கூடாது. தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு ஹீட்டர் அவசியம். சென்னையில் மே மாதம்தான் பிரச்னை. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர் மேல்பரப்பில் ஃபேன் காற்று படும்படி வைத்தால் சூடு குறையும்.

சாப்பாடும் முன்கூட்டியே

குருணை போன்ற உலர் உணவைப் பெரும்பாலான பீ பஃபர்கள் சீண்டாது. ஃப்ரோஸன் பிளட் வார்ம், ஆர்ட்டீமியா, டாஃப்னியா ஆகியவற்றை உறைநிலை போன பிறகு கொடுக்கலாம். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். நீர்ச்செடிகளோடு வரும் குட்டி நத்தைகள் இதற்குப் பிடித்த பலகாரம். ஓட்டைக் கடிப்பதால் பல்லும் தேயும். மீன் வருவதற்கு முன்பே ஒரு பக்கெட்டில் நத்தைகளை வளர்க்க ஆரம்பிக்கலாம். பக்கெட்டைக் கொசுவலையால் மூட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கும் அதுவே வீடாகிவிடும்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் நாள்

வயிறு ஒட்டிப்போன மீன் வேண்டாம். பிடிபட்டதிலிருந்து பட்டினி கிடந்திருக்கலாம், குடற்புழுவும் இருக்கலாம். கடைக்காரரிடம் கொஞ்சம் உணவு போடச் சொல்லி, ஓடி வந்து தின்னும் மீனைக் கேட்டு வாங்கலாம். வயிற்றில் கறுப்புக் கோடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் இருந்தால் வளர்ந்த ஆண். கூட்டமாக வளர்ப்பவர்கள் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குவது நல்லது.

உப்புவதைப் பார்க்க வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். பயந்தால்தான் இந்த மீன் உப்பும். தண்ணீருக்கு வெளியே உப்பினால் வயிற்றில் காற்று அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். வலையால் அள்ளாமல், ஒரு கப்பில் தண்ணீரோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிறகு வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடக் கூடாது. வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம். அல்லது வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று, வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.