எண்ணூர்ப் பிள்ளைகள் அளந்து சொல்லட்டும்

வடசென்னையின் திருவொற்றியூரில் தனியார் பள்ளி ஒன்றில் 2024 அக்டோபர் 25 அன்று நெடி தாங்காமல் மாணவர்கள் மூச்சுத்திணறி மயங்கினர். முந்தைய ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. அறிவியல் போட்டிக்குத் தலைப்பு தேடி இப்பகுதிப் பிள்ளைகள் எங்கும் அலைய வேண்டியதில்லை.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் கேட்பதும் இதைத்தான்: உன் ஊர்ச் சிக்கலை எடு, ஆராய்ந்து பார், வழி சொல். தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை நடத்திவருகிறது. பெருஞ்செலவு தேவையில்லை. கண்ணாடித் தகட்டில் வாசலின் தடவி மொட்டைமாடியில் ஒரு நாள் வைத்தால் காற்றில் வரும் தூசும் சாம்பலும் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் துகள்களை எண்ணி, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் குறித்துவந்தால், ஒரு பருவத்துக்குள் தெருவாரியாகக் கணக்கு கிடைக்கும். கடையில் வாங்கி ஒட்டும் எரிமலை மாதிரிகளைவிட இது எவ்வளவோ மேல்.

பள்ளி மாணவரின் அறிவியல் யோசனைகளுக்கான மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கிறது, நல்லதே. ஆனால் கண்காட்சி முடிந்ததும் குறிப்பேடு அலமாரிக்குள் போய்விடக் கூடாது. வடசென்னைப் போட்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் ஒருவரும் நடுவராக அமர வேண்டும். மாணவர் அளந்த இடத்தில் வாரியமும் அளந்து, இரண்டு முடிவுகளையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.