மூத்த பூனையிடம் கேட்டீர்களா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு குட்டியையும் கொண்டுவர அம்மா அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டீர்கள். விதியும் உங்கள் பக்கம்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீவக வீட்டில் இப்போது இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். மைக்ரோசிப், உரிமம், ஜன்னலுக்கு வலை என்று எல்லாம் தயார். எல்லாரிடமும் அனுமதி வாங்கிய நீங்கள் ஒருவரை மட்டும் கேட்கவில்லை: சோபாவின் மூலையில் சுருண்டு படுத்திருக்கும் மூத்த பூனையை.

குட்டி வீட்டுக்கு வரும் நாளை நீங்கள் முடிவு செய்யுங்கள். இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கும் நாளை மூத்த பூனைதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

“ஒரே அறையில் விட்டால் இரண்டு நாள் சீறும், அப்புறம் சரியாகிவிடும்” என்று உறவினர் யாராவது சொல்வார்கள். சில வீடுகளில் சரியாகியும் இருக்கிறது. ஆனால் அது பூனையின் இயல்புக்கு எதிராகக் கட்டும் பந்தயம். நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வேட்டையாடும். வீட்டுப் பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும் விலங்கு. ஓர் எலியை இரண்டு பூனைகள் பங்கிட்டால் இரண்டுக்கும் பசிதான். அதனால் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதைவிட, விலகிப் போவதே பூனைக்கு எளிது. லிட்டில் இந்தியாவின் பின்சந்துகளில் நடக்கும்போது கவனியுங்கள். காது நுனி வெட்டப்பட்ட (கருத்தடை செய்யப்பட்டதற்கு அதுதான் அடையாளம்) இரண்டு பூனைகள் எதிரெதிரே வந்தால், ஒன்று உட்கார்ந்து வேறெங்கோ பார்க்கும்; மற்றது சுற்றிக்கொண்டு போய்விடும். சந்தில் அதற்கு இடம் இருக்கிறது. மூவறை வீட்டில் எங்கே போகும்?

இன்னொன்று, மணம். பூனை உங்கள் காலிலும் கதவு விளிம்பிலும் கன்னத்தை உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்னம், தாடை, பாதம், வாலடி ஆகிய இடங்களில் உள்ள சுரப்பிகளின் மணத்தை அது அங்கே பூசுகிறது. ‘இது என் வீடு’ என்று அது அறிவது அந்த மணத்தால்தான். மணத்தை ஆராய மூக்கு போதாதென்று, மேல் வாயில் முன்பற்களுக்குப் பின்னால் ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனிக் கருவியும் உண்டு. பூனை வாயை லேசாகத் திறந்து, முகம் சுளித்ததுபோல் நிற்கும்போது அதைத்தான் பயன்படுத்துகிறது. இப்படி மணத்தால் கட்டிய வீட்டுக்குள் அறிமுகமில்லாத மணத்தோடு ஒரு குட்டி குதித்து வந்தால், சீறாமல் என்ன செய்யும்?

ஆகவே மணத்தை முதலில் அனுப்புங்கள், குட்டியைப் பிறகு. கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின், குட்டியை ஓர் அறையில் தனியாக வையுங்கள். நோய் பரவாமல் இருக்கவும் இந்தப் பிரிவு உதவும். சுத்தமான துணியால் குட்டியின் கன்னத்தைத் தடவி, அதை மூத்த பூனையின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள். பூனை சாப்பிட்டதா, பாதியில் நின்றதா, சீறியதா? தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இதுவும் ஒரு சோதனைதான். மாற்றுவது தூரம், அளப்பது நடத்தை. நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் துணியைக் கொஞ்சம் அருகில் வையுங்கள். இல்லையென்றால் பழைய இடத்துக்கே தள்ளுங்கள். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு, அதன்பின் வலைத் தடுப்பு வழியே ஒரு பார்வை, கடைசியாகச் சில நிமிடச் சந்திப்பு. சில பூனைகளுக்கு ஒரு வாரம் போதும். எங்கள் வீட்டுக் கிழவிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. குட்டி இருந்த அறை தம்பியுடையது. அவன் புலம்பியது தனிக் கதை.

இவ்வளவு பொறுமை எதற்கு? மன அழுத்தம் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். கிருமி எதுவும் இல்லாமலேயே அதில் அழற்சி உண்டாகலாம். மூத்த பூனை திடீரென்று மெத்தையில் சிறுநீர் கழித்தால் ‘பழிவாங்குகிறது’ என்று திட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே, அப்போதே போக வேண்டும். அடைப்பு உயிரைப் பறித்துவிடும்.

குட்டிக்கும் ஆபத்து உண்டு. ‘ஒத்துப்போகவில்லை’ என்று கைமாறிக் கைமாறி, கடைசியில் புளோக்கின் கீழ்த்தளத்தில் விடப்படும் பூனைகளில் அதுவும் ஒன்றாகலாம். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். முதல்முறையே 10,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம், சிறைக்கும் அனுப்பலாம்.

அதனால் சில வாரங்களுக்கு மூடிவைக்க உங்கள் வீட்டில் ஓர் அறை இல்லையென்றால், இப்போதைக்குக் குட்டி வேண்டாம் என்பேன். இரண்டு பூனைகளுக்கு அனுமதி என்பதால் இரண்டும் இருந்தாக வேண்டும் என்றில்லை. அறை இருந்தால், மணல் தட்டுகள் மூன்று வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து கொடுங்கள். தரையில் இல்லாத இடத்தைப் பூனை உயரத்தில் தேடிக்கொள்ளும்.

இரண்டும் கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். எங்கள் வீட்டில் இன்றுவரை கிடைக்கவில்லை. குட்டி சோபாவில், கிழவி அலமாரி மேல். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டும் அடுப்படி வாசலில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.