பரவைக் கடலும் படக்கருவியும்

கல்லூரிக் கழகங்களுள் நிழற்படக் கழகத்தை விளையாட்டாகவே பலரும் எண்ணுகின்றனர். சொல்வன்மையை வளர்க்க விவாத மன்றம் உண்டு; உடலுறுதிக்கும் தொண்டுக்கும் சாரணர் படை உண்டு. கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் படக்கருவியாகிவிட்ட இக்காலத்தில், படம் பிடிப்பதற்கென ஒரு கழகம் எதற்கு என வினவுவாரும் உளர். பொறுத்திருந்து பார்க்கப் பழக்குவதே அக்கழகத்தின் தலையாய பணி என்பது எமது துணிபு. அப்பழக்கத்துக்கேற்ற பள்ளிக்கூடம் நமது தீவகக் கரையிலேயே விரிந்து கிடக்கிறது.

யாழ்ப்பாண நகரிலிருந்து நயினை நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி வழியே வேலணை சென்று, அங்கிருந்து மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானில் வள்ளம் ஏறுவர். வழியெங்கும் இருமருங்கும் ஆழமற்ற பரவைக் கடலும் சேற்று நிலமுமே. கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை அங்கே உள்ளான், ஆலா, கடற்காகம், கரண்டிவாயன் முதலியன இரை தேடும்; பூநாரைக் கூட்டமும் காலம் வாய்த்தாற் காட்சி தரும். பேருந்தில் அமர்ந்து செல்வோருள் பெரும்பாலோர் அவற்றைக் காண்பதில்லை. இறுப்பிட்டி போன்ற ஊர்களின் கரையிலே ஒரு காலைப் பொழுதைக் கழிக்கும் மாணவனோ நூலிலே கிட்டாத பாடத்தைக் கற்பான்.

இப்பறவைகளுட் பல நெடுந்தூரப் பயணிகள். 2021ஆம் ஆண்டிலே மன்னார்ப் பகுதியிற் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று, 7,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, வடதுருவத்தை அண்டிய ரஷ்யக் கரையை அடைந்தமை பதிவாயிற்று. தென்முனைவரை வந்து வடக்கே மீளும் நாரையைத் தம் மனையாளிடம் தூது விடுத்த சத்திமுற்றப் புலவர், கருவி ஏதுமின்றியே இவ்வலசையை அறிந்திருந்தார். கண்ணால் நோக்கியும் கருத்தில் இருத்தியும் பெற்ற அறிவு அது.

இனி, நாம் கூறவந்த கருத்துக்கு வருவோம். பறவை பார்க்கச் செல்லும் இளைஞரிடையே ஒரு தீய வழக்கம் பரவிவருகிறது. நீரிலே அமைதியாக மேயும் பூநாரைகள் சிறகு விரித்தெழும் காட்சி அழகியது என்பதற்காக, கை தட்டியும் கல்லெறிந்தும் ஆளில்லா விமானத்தைத் தாழப் பறக்கவிட்டும் கூட்டத்தைக் கலைக்கின்றனர். “பறவை பறப்பது இயல்புதானே” என்பர். பூநாரை தலைகீழாக அலகை அமிழ்த்தி, சேற்று நீரை வடித்து, நுண்ணுயிர்களைச் சிறிது சிறிதாகப் பெற்றே வயிறு நிறைப்பது. எழுவதற்கும் நீரின்மேற் சில தூரம் ஓடவேண்டும். வடக்கே மீளும் உள்ளானோ பயணத்துக்கு முன் உடலிற் கொழுப்பைச் சேர்க்கவேண்டும்; அதுவே அதற்குக் கட்டுச்சோறு. ஒருமுறை கலைத்தால் உண்ணும் வேளை குறையும். நாள்தோறும் கலைத்தால் கட்டுச்சோறே குறையும். தரையில் முட்டையிடும் இனங்களின் கூட்டை அணுகினால், தாய்ப்பறவை விலகிய சிறிது நேரத்துள் வெயிலும் காகமும் முட்டைகளை அழித்துவிடும். ஓர் அழகிய படத்துக்கு இது மிகப் பெரிய விலை.

பறவைப் படக்கலையின் முன்னோடிகள் காட்டிய வழி வேறு. 1892ஆம் ஆண்டிலே பறவைக் கூட்டை முட்டைகளுடன் படமெடுத்துப் புகழ்பெற்ற இங்கிலாந்துக் கேர்ட்டன் சகோதரர், பின்னர் எருதின் தோலாற் செய்த பொய்யுருவினுள் மறைந்திருந்து காத்தனர். நம்மவருள், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், பல கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே அமைத்த படக்கருவியால் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிற் படமாக்கி, 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என ஏங்கும் மாணவருக்கு அவர் வாழ்க்கையே விடை. ஞாயிற்றை முதுகுப்புறம் வைத்து, ஓரிடத்தில் அமர்ந்து காத்திருந்தால், பறவை தானே அண்மையில் வரும். மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்து நோக்குமாயின், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பது பொருள். அப்போது பின்வாங்குவதே முறை.

மற்றொன்றும் வேண்டும். நாள், இடம், இனம், எண்ணிக்கை ஆகியன குறிக்கப்படாத படம் சுவருக்கு அணியாகலாம், சான்றாகாது. 1990இல் நாட்டின் முதலாவது ராம்சார் ஈரநிலமான தெற்குப் பூந்தலையிலே ஒருகாலத்திற் பூநாரைகள் ஆயிரக்கணக்கிற் கூடின. பாசன நீர் வடிந்து கலந்து உவர்ப்புக் குறைந்தபின் அவை அருகிவிட்டன. பழைய எண்ணிக்கைகள் இருந்தமையாலன்றோ இவ்விழப்பு உலகறிந்தது! வடக்கிலே சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவாயிற்று. மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. தீவகத்துச் சேற்று நிலங்களையோ பயனற்ற வெளி எனக் கருதிக் குப்பை கொட்டுவோரும் மண் நிரப்புவோரும் உளர். “இங்கே என்ன இருந்தது?” என நாளை ஒருவர் வினவினால், விடை கூற ஆண்டுதோறும் எழுதப்பட்ட ஏடு வேண்டும். கல்லூரி நிலையானது, மாணவர் மாறினும் ஏடு தொடரும். தனியொருவர் செய்யவியலாத இப்பணியைக் கழகம் செய்யவியலும்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் கல்லூரிக்கு நன்கொடை வழங்க வழி தேடுகின்றனர். இரண்டு தொலைநோக்கிகள், தூரப்படம் பிடிக்கும் வில்லை ஒன்று, பறவைக் கையேடு ஒன்று, கெட்டி அட்டைக் குறிப்பேடு ஒன்று ஆகியவற்றை நிழற்படக் கழகத்துக்கு உவந்தளிக்குமாறு வேண்டுகிறோம். ஆசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு மூன்று முறையேனும், ஒரே கரைக்கு, ஒரே பருவத்தில் மாணவரை அழைத்துச் செல்வாராக. மாணவமணிகளே, எழுப்பாமல் எடுத்த படத்தையே கழகத்தின் சுவரில் மாட்டுங்கள். அதன் கீழே நாளையும் இடத்தையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அடுத்த விழா மலரில் அவ்வேட்டின் ஒரு பக்கம் அச்சாகுமாயின், அது எம்போன்றோரின் கட்டுரைகளினும் பயனுடையதாகும்.