கணக்கில் வராத பிள்ளைகள்

ஆட்டிசம் என்ற சொல் இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளிடையே 31 பேரில் ஒருவருக்கு இருப்பதாக 2022-ம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. உலகம் முழுவதற்குமாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ம் ஆண்டுக்குப் போட்ட கணக்கு, 127 பேரில் ஒருவர். கல்கத்தாவில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட கணக்கோ, ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகம்.

ஒரே விஷயத்துக்கு ஏன் இத்தனை கணக்கு? அமெரிக்கப் பிள்ளையின் மூளை ஒரு மாதிரி, நம் பிள்ளையின் மூளை வேறு மாதிரியா? அப்படியில்லை. எண்ணுகிறவன் யார், எங்கே நின்று எண்ணுகிறான், எதை வைத்து எண்ணுகிறான் என்பதைப் பொறுத்தே கணக்கு மாறுகிறது. இது டாக்டர்களின் விவகாரம், நமக்கென்ன என்று தொழிலாளி ஒதுங்கிவிட முடியாது. விடுபட்டுப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

இவர்கள் யார்?

ஆட்டிசத்தில் பல படிகள் உண்டு. பேச்சே வராத பிள்ளையைத் தாய் இரண்டு மூன்று வயதிலேயே கண்டுகொள்வாள். ஆஸ்பெர்கர் என்று பெயரிட்ட வகை அப்படிப்பட்டதல்ல. பேச்சு வரும்; அறிவில் குறைவிராது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ் எந்தெந்த ஸ்டாப்பில் நிற்கும் என்று அந்தப் பையன் வரிசையாக ஒப்பிப்பான். ஆனால் எதிரே நிற்பவனின் முகக் குறிப்பு அவனுக்குப் புரியாது. கேலியா, கோபமா என்று தெரியாது. பழகிய முறை சற்று மாறினாலும் தாங்கமாட்டான். தறி ஓசை அவன் காதில் ஊசியாய்க் குத்தும்.

இவனுக்கு ஊர் என்ன பெயர் வைக்கிறது? பள்ளியில் "அடங்காதவன்", தெருவில் "ஒரு மாதிரி", ஆலையில் "திமிர் பிடித்தவன்". மேஸ்திரியின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, ஷிப்டு மாற்றியதும் நிலைகுலைந்து கத்தினான் என்றால் ஒழுங்கீனம் என்று சார்ஜ் ஷீட் வருகிறது. டாக்டரிடம் போக வேண்டியவன் விசாரணைக்குப் போகிறான்!

அளவுகோல் மாறிய கதை

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. சர்க்கரை வியாதிக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நடத்தையைப் பார்த்து, வளர்ந்த விதத்தைத் தாய் தகப்பனிடம் விசாரித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எங்கே கோடு போடுவது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1966-ல் இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பகுதியில் பதினாயிரம் பிள்ளைகளுக்கு நாலரைப் பேர் என்று எண்ணினார்கள். அன்று கடுமையான நிலையில் இருந்தவர்களே கணக்கில் வந்தார்கள். 1981-ல் லோர்னா விங் என்ற ஆங்கில டாக்டர், பேச்சும் அறிவும் உள்ளவர்களிடமும் இது உண்டு என்று ஆஸ்பெர்கர் பெயரால் எடுத்துக் காட்டினார். 1993-ல் ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது, இந்த ஒரு வகை மட்டுமே பதினாயிரத்துக்கு 36 என்று வந்தது. சந்தேகத்துக்கு இடமானவர்களையும் சேர்த்தால் 71. அதே ஊர், அதே பிள்ளைகள். கோட்டைச் சற்று நகர்த்தியதும் கணக்கு இரட்டிப்பாயிற்று! 2013-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் ஆஸ்பெர்கர் என்ற தனிப் பெயரையே எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, நோய் பெருகிவிட்டது என்று அலறுவதற்கில்லை. தடுப்பூசியால் வந்தது என்று 1998-ல் கிளப்பிய புரளியும் பொய்யென்று அம்பலமாகி, அந்தக் கட்டுரையை 2010-ல் பத்திரிகையே வாபஸ் வாங்கிற்று. அதை நம்பிப் பிள்ளைக்கு ஊசி போடாமல் விடாதீர்கள்.

தேடினால் கிடைக்கும்

தென் கொரியாவில் கோயாங் நகரில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், சாதாரணப் பள்ளிகளுக்கே போய்த் தேடினார்கள். 2011-ல் வெளியான முடிவு: நூற்றுக்கு 2.64. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த உதவியும் இல்லாமல் சாதாரண வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்காவிலும் வெள்ளையர் பிள்ளைகளிடமே ஆட்டிசம் அதிகம் என்று வெகுகாலம் கணக்குக் காட்டியது. கறுப்பர் பிள்ளைகளுக்கும் பரிசோதனை எட்டிய பிறகு, 2020-ம் ஆண்டுக் கணக்கில் அது தலைகீழாயிற்று. நோய் நிறம் மாறவில்லை, தோழர்களே! டாக்டரின் வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

சென்னையைப் பாருங்கள். தியாகராய நகர் ஜி.என். செட்டி ரோட்டில் மதுரம் நாராயணன் மையம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1985-ல் தோன்றிய வித்யாசாகர் இருக்கிறது. இவை செய்யும் சேவையை மதிக்கிறோம். ஆனால் கூவம், அடையாறு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பெயர்த்து எறியப்பட்டவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும். விடியற்காலையில் பஸ் பிடித்து மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாத்திரம் தேய்க்க வரும் தாய், ஒரு நாள் கூலியை இழந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை டாக்டரிடம் அலைவாள்? தஞ்சாவூர்க் கிராமத்து விவசாயக் கூலிப் பெண்ணின் கதி இதைவிட மோசம். நிபுணரிடம் வந்தவர்களை மட்டும் எண்ணினால், அந்தக் கணக்கு நோயைக் காட்டாது, பணப்பையைத்தான் காட்டும். பெண் பிள்ளைகள் இன்னும் விடுபடுகிறார்கள். "வாயில்லாப் பூச்சி, நல்ல பெண்" என்று பாராட்டி அதோடு விட்டுவிடுகிறோம்.

சர்க்கார் கணக்கு எப்படி? 2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பு ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் என்றது. அதில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு ஆட்டிசம் உள்பட ஒன்பது வகை வளர்ச்சிக் கோளாறுகளை நாட்டின் ஐந்து இடங்களில் தேடியது. ஆறு முதல் ஒன்பது வயதுள்ளோரிடம் ஓரிடத்தில் நூற்றுக்கு 6.5, இன்னோரிடத்தில் 18.5. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

சான்றிதழுக்கு வைத்துள்ள இந்திய அளவுகோலில் 40 கேள்விகள். மொத்தம் 70 மார்க்குக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று தீர்ப்பு. நன்றாகப் பேசும் ஆஸ்பெர்கர் பையன் இந்தச் சல்லடையில் எளிதில் நழுவிவிடுவான். 2016-ம் வருஷச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகை ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்தது. உயர் கல்வியிலும் சர்க்கார் வேலையிலும் இடம் ஒதுக்கியது. சான்றிதழ் இல்லாதவனுக்கு அந்தச் சட்டம் வெறும் காகிதம்.

எதற்காக எண்ணுவது?

எண்ணுவதே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இந்தப் பிள்ளைகளைப் பற்றி 1944-ல் எழுதியபோது வியன்னா நகரம் ஹிட்லரின் பிடியில் இருந்தது. அங்கே ஸ்பீகல்குருண்ட் என்ற விடுதியில் ஏறக்குறைய 800 குழந்தைகள் மாண்டார்கள். "பிரயோஜனமற்றவர்கள்" என்று முத்திரை குத்தி அங்கே கொன்றார்கள். அந்த இடத்துக்கு ஆஸ்பெர்கரே சில பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018-ல் ஹெர்விக் செக் என்ற சரித்திர ஆசிரியர் ஆவணங்களோடு நிரூபித்தார். பாசிஸ்டுகள் கழித்துக்கட்ட எண்ணினார்கள். நாம் கேட்பது பள்ளியில் இடம் கொடுக்க, வேலையில் இருத்திக்கொள்ள எண்ணும் கணக்கு.

ஆகவே கோருவோம்: அங்கன்வாடியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இதற்குத் தேர்ச்சி பெற்றவர்கள் வேண்டும். அடுத்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் 21 வகைக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பேசத் தெரிந்தவன், வயது வந்தவன் என்று சொல்லிச் சான்றிதழ் மறுக்கக் கூடாது.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு மாதிரி" என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் தொழிலாளியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவனுக்குச் சார்ஜ் ஷீட் வந்தால், டாக்டரிடம் காட்டிய பிறகே விசாரணை என்று வாதாடுங்கள். சர்க்கார் எண்ணும்வரை காத்திருக்க வேண்டாம். அவனை நம்மில் ஒருவனாக நாம் இன்றே எண்ணுவோம்.